அண்ணிக்கு இரண்டு துப்பாக்கிகள்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது அண்ணனின் முதுகு. தறிக்கூடத்தின் நடுவில், பனியன் நனைந்து ஒட்டியிருந்த அந்த முதுகு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. சென்னையில் நாளிதழின் இரவுப் பணியை முடித்துவிட்டு, கிடைத்த பேருந்தில் ஏறி ஆரணியில் இறங்கியிருந்த எனக்கு அவர் என்ன செய்கிறார் என்பது உடனே பிடிபடவில்லை. பக்கத்தில் போனதும் தெரிந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் போன்ற ஒன்று, ஆனால் அதைவிடக் கனமானது. அதன் அடிப்பலகையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, உடம்பின் மொத்த எடையையும் கைப்பிடி மேல் போட்டு அழுத்திக்கொண்டிருந்தார். பம்பிலிருந்து போன மெல்லிய குழாய் பெஞ்சின் மேல் கிடந்த ஒரு துப்பாக்கியில் முடிந்தது. வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து எப்போது வரும் என்று கேட்பதை விட்டுவிட்டுச் சும்மா நிற்பவர்களின் முகம் அது.

"இன்னா தம்பி, பேப்பர்காரங்களுக்கு தூக்கமே கெடையாதா?" என்றார் அண்ணி, என்னைக் கண்டதும்.

"உள்ள போய்கினே இரு, இத ஏத்திட்டு வந்துடறேன். பாதியில வுட்டா பேஜாரு" என்றார் அண்ணன், மூச்சு வாங்கியபடி.

செய்தித்தாள் வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. எதைப் பார்த்தாலும் இது எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் போகத் தோன்றும். பெரும்பாலும் போய்ச் சேரும் இடத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. இதிலும் அப்படித்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அண்ணிக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. இடுப்புக்குக் கீழே இரும்புச் சட்டம் கட்டிக்கொண்டு, ஒரு கைத்தடியோடு நடப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் செய்துவந்தது பாவு இணைக்கும் வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடியும் இடத்தில், அதன் ஒவ்வொரு இழை முனையோடும் புதிய பாவின் ஓர் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பட்டு இழை மூச்சுக் காற்றுக்கே பறக்கும் என்பதால், முறுக்கும் கணத்தில் மூச்சை நிறுத்திக்கொள்வார்கள். அண்ணன் பட்டுத்தறிகளில் பூவேலை எடுக்கும் ஜக்கார்டு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். ஊரில் பாதித் தறிகளின் ஓசையை வைத்தே எந்தத் தறிக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்லிவிடுவார். எண்ணெய்க் குப்பி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கதவுக் கீல் முனகினால் இரண்டு சொட்டு, அண்ணியின் காலிரும்பு கிறீச்சிட்டால் இரண்டு சொட்டு.

அன்பான மனிதர் என்று எழுதினால் அது சரியான தகவல்தான், ஆனால் முழுத் தகவல் ஆகாது. உறவினர் வீட்டில் யாராவது அண்ணியிடம் காப்பியா டீயா என்று கேட்டால் "அவளுக்கு டீ" என்று அண்ணன் பதில் சொல்வார். படி வந்தால், அண்ணி தடியை ஊன்றுவதற்குள் அவர் கை அக்குளுக்குள் போயிருக்கும். அண்ணி எதுவும் சொல்ல மாட்டார். சொல்வதற்கு இடம் இருக்காது.

மகள் கல்யாணமாகிப் போளூருக்குப் போன பிறகு ஒருநாள், மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டு முகாம் ஒன்றுக்கு அண்ணி போனார். போனது பக்கவாட்டுச் சக்கரம் வைத்த தன் ஸ்கூட்டருக்காக ஓர் அதிகாரியைப் பார்க்க. அங்கே ராணுவத்தில் ஓய்வு பெற்ற ஒருவர் பத்து மீட்டர் தூரத்தில் காகித இலக்கு மாட்டி, வந்தவர் போனவரையெல்லாம் ஏர் ரைபிளால் சுட வைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைச் சுபேதார் என்றே கூப்பிட்டார்கள். களம்பூரில் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலைக் குடோனை வாடகைக்கு எடுத்து அவர் சுடுதளம் நடத்திவந்தார். அண்ணியும் உட்கார்ந்து ஐந்து குண்டு சுட்டார். தாளைக் கழற்றி வந்த சுபேதார், "இந்தாம்மா, மூச்சை எங்கம்மா வெச்சினு சுடறீங்க?" என்று கேட்டாராம். "பாவு புணைக்கிற எடத்துலயே வெச்சிட்டு வந்தேன் சார்" என்றாராம் அண்ணி. இதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு வாரத்தில் நான்கு நாள், தனியாக ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு, நெல் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிக் களம்பூர் போய்வர ஆரம்பித்தார்.

அவர் சொந்தமாக வாங்கிச் சுட்டது ஸ்பிரிங் துப்பாக்கி. அதற்கு வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. குழலை நடுவில் மடக்கிக் கீழே இழுத்தால் உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங் இறுகிப் பூட்டிக்கொள்ளும். விசையைத் தட்டினால் ஸ்பிரிங் பாய்ந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை நசுக்கும், நசுங்கிய காற்று குண்டைத் தள்ளும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு மடக்கு. அண்ணி துப்பாக்கியின் கட்டையைக் காலிரும்பின் வாருக்கு மேலே தொடையில் ஊன்றி, இரண்டு கையாலும் குழலை இழுப்பார். "கட்டக்" என்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை வீட்டில் அதை மடக்கியபோது அண்ணன் ஓடிவந்தார். "இரு இரு, நான் மடக்கித் தரேன்." "கைய எடுங்க" என்றார் அண்ணி. அந்த வீட்டில் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். "காலைல எழுந்து பாத்ரூம் போறதுலேர்ந்து யாராவது ஒரு கை குடுத்துகினேதான் இருக்காங்க தம்பி. நல்ல கைதான். கொறை சொல்லல. இது ஒண்ணு மட்டும் நானே மடக்கி, நானே குண்டு போட்டு, நானே சுடறேன். தப்புன்னா என் தப்பு. சரின்னா என் சரி."

சுபேதாருக்கு இதில் உடன்பாடு இல்லை. போட்டிக்கு வருகிற எல்லோரும் பி.சி.பி. துப்பாக்கிக்கு மாறிவிட்டார்கள் என்பது அவர் வாதம். பி.சி.பி. என்பது முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்த துப்பாக்கி. குழலுக்குக் கீழே ஓர் உருளை இருக்கும். அதில் லாரி டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் காற்று ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் மடக்க வேண்டியதில்லை, விசையைத் தொட்டால் போதும். நான் ஒருமுறை குடோனுக்குப் போயிருந்தபோது இருவரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்பிரிங்கு கழுதைம்மா. முன்னால ஒரு ஒதை, பின்னால ஒரு ஒதை. குண்டு வெளிய போறதுக்குள்ள ரெண்டையும் ஒதைச்சி முடிச்சிடும். நீங்க எவ்ளோ ஆடாம புடிச்சாலும் அது ஆட்டிடும். பி.சி.பி. பசு மாடு. அசையாது."

"பசு மாட்டுக்குத் தீனி யாரு சார் போடறது? கழுதைன்னா தானே மேஞ்சிக்கும்."

சுபேதார் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அண்ணி சொன்னதில் விஷயம் இருந்தது. அந்தக் காற்றை ஏற்றும் பம்பை இரண்டு காலையும் ஊன்றி நின்றுதான் அழுத்த முடியும். பி.சி.பி. வாங்கினால் அண்ணியால் அதற்குக் காற்று அடிக்க முடியாது. யாராவது அடித்துக் கொடுக்க வேண்டும். யார் அடிப்பார் என்பதும் அவருக்குத் தெரியும்.

மாநிலப் போட்டிக்கான தேர்வு வேலூரில் நடந்தது. விஜயதசமிக்கு மறுநாள். விடுமுறைக்கு நான் வீட்டில் இருந்தேன். ஆயுத பூஜையன்று தறிக்காரர்கள் வீட்டில் தறி ஓடாது. எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவார்கள். அண்ணன் அந்த ஆண்டு துப்பாக்கியையும் எடுத்து வைத்தார். குழலை மடக்கி, காற்று வரும் துளைக்குள் தறி எண்ணெயைத் தாராளமாகவே விட்டார். நாளை மறுநாள் பெரிய போட்டி அல்லவா. அண்ணி அப்போது சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் துப்பாக்கியின் காற்றறைக்குள் எண்ணெய் போகவே கூடாது, நசுங்கும் காற்றின் சூட்டில் அது பற்றிக்கொள்ளும் என்று சுபேதார் அண்ணியிடம் சொல்லியிருந்தார். அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் இரவு கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடுவதில்லை. எடுத்தபோது துப்பாக்கி பளபளவென்றிருந்தது. சுட்டுப் பார்க்க நேரமில்லை. விடிந்ததும் உறையில் போட்டுக்கொண்டு வேலூர் போனோம்.

முதல் குண்டுக்கே கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். குழல் முனையிலிருந்து நீலப் புகை. அடுத்த குண்டுக்கும் அப்படியே. தள நடுவர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இது துப்பாக்கியா ஸ்டவ்வா?" என்றார். பக்கத்துத் தடத்தில் யாரோ சிரித்தார்கள். எண்ணெய் எரிய எரிய வேகம் குறைந்துகொண்டே வந்ததால், இலக்குத் தாளில் ஓட்டைகள் மேலிருந்து கீழாக ஏணிப்படி போல இறங்கின. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது வேறிடத்தில் விழுந்தது. அண்ணி நேரம் முடியும்வரை நிறுத்தாமல் சுட்டார். முடிந்ததும் சுபேதார் தாளைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார்.

"யாரும்மா எண்ணெ வுட்டது?"

"நான்தான் சார்" என்றார் அண்ணி.

பிறகு என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அண்ணன் சற்றுத் தள்ளி, டீ ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு பார்வையாளர் வரிசையில் நின்றிருந்தார்.

திரும்பும் வழியில் வேனில் அண்ணன்தான் பேசினார். "துப்பாக்கி பழசு. அதான் அப்பிடி. இனிமே அது வேணாம்." கண்ணமங்கலம் தாண்டும்வரை அதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை.

தீபாவளி முடிந்த சில வாரங்களில் அண்ணன் ஒரு பி.சி.பி. துப்பாக்கியும் பம்பும் வாங்கி வந்துவிட்டார். தறிக்கூடத்தில் வைத்துப் பிரித்தார். "சுபேதார்கிட்ட கேட்டுத்தான் வாங்கினேன். நீ சுடு. காத்து நான் அடிக்கிறேன்." அண்ணி அதைத் தொட்டுப் பார்த்து "நல்லா இருக்குது" என்று மட்டும் சொன்னார். வேண்டாம் என்று சொல்வதானால் ஏன் என்று சொல்ல வேண்டும். பழைய துப்பாக்கி பழசு இல்லை, நீங்கள் விட்ட எண்ணெய்தான் என்று சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுவதும் எண்ணெய் விட்டுப் பிழைத்த ஒருவரிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னது அடுத்த பொங்கலின்போது. "நீ சொல்லிடாதே தம்பி" என்றும் சொன்னார். எந்தத் துப்பாக்கி என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் அவர் தேர்ந்தெடுத்தது வாயை மூடிக்கொள்வதை.

எண்களைப் பொறுத்தவரை சுபேதார் சொன்னது சரி. பி.சி.பி.யில் அண்ணியின் புள்ளிகள் ஏறின. குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மாநிலப் போட்டிக்குப் போனார். பதக்கம் வரவில்லை, பெயர் வந்தது. எங்கள் பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் இரண்டு வரி. அதை நான் எழுதவில்லை. என் மேசைக்கு வந்தது, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பினேன்.

ஆனால் தினமும் காலையில் அண்ணன் பம்பு அடித்தார். அடித்து முடித்து, துடைத்து, உறையில் போட்டு, ஸ்கூட்டரில் கட்டி அனுப்புவார். பிறகு அனுப்புவதை விட்டுவிட்டு, பம்பைத் தூக்கிக்கொண்டு தானும் பின்னாலேயே போக ஆரம்பித்தார். நடுவில் காற்று குறைந்தால் என்ன செய்வது? ஒருமுறை காஞ்சிபுரத்தில் தறி வேலை இழுத்துக்கொண்டு அவரால் ஒரு வாரம் வீட்டுக்கு வர முடியவில்லை. அந்த வாரம் முழுவதும் அண்ணி சுடவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாமே என்றேன். "கேக்கறதுக்குத்தான் தம்பி அலுப்பா கீது" என்றார். திரும்பி வந்த அண்ணன் சுடுதளத்தில் எல்லோரிடமும், "இந்த வாரம் நாம பிராக்டீஸ் பண்ணல, அடுத்த வாரம் பாருங்க" என்று சொன்னார். நாம நல்லா சுட்டோம், நாம ரெண்டு பாயிண்டுல வுட்டுட்டோம் என்பார். சுபேதார் ஒருநாள், "ரெண்டு பேருக்கும் சேத்தே ஒரு நம்பர் குடுத்துடவா?" என்று கேட்டார். அண்ணன் மட்டும் சிரித்தார்.

நான் தறிக்கூடத்தில் அந்த முதுகைப் பார்த்த காலை, அவர் பம்பு அடிக்க ஆரம்பித்த இரண்டாம் வருடத்தில் வந்ததுதான். அவர் பம்பை விட்டு நிமிர்ந்தபோது ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டதையும் பார்த்தேன். கேட்டதற்கு வாயு என்றார். சில மாதங்களில் அது ஹெர்னியா என்று தெரிந்து, ஆபரேஷன் ஆனது. பம்பு மட்டுமல்ல, தண்ணீர்க் குடமும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார்.

படுத்த படுக்கையாக இருந்தபோதும் அண்ணனுக்கு அதே கவலைதான். தறிக்கு வரும் ஆள் ஒருவரைப் பம்பு அடிக்கச் சொல்கிறேன் என்றார். சுபேதார் பெரிய சிலிண்டர் ஒன்று வைத்து நிரப்பித் தருகிறேன் என்றார். நானும் என் பங்குக்குச் சென்னையில் விசாரித்து, கரண்டில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் கிடைக்கிறது, சுவிட்சைப் போட்டால் தானே ஏற்றிவிடும் என்று சொன்னேன். அண்ணி கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"கரண்டு மெஷினு வந்தாலும் அதுக்கு உங்க அண்ணன்தான் வந்து சுவிச்சு போடுவாரு" என்றார்.

அன்றே பரணிலிருந்து ஸ்பிரிங் துப்பாக்கியை இறக்கச் சொன்னார். இறக்கியது நான். மடக்கியது அவர். அடுத்த வாரம் சுபேதார் அதைக் கண்டதும் தலையில் கைவைத்தார். "இத்தினி மேல ஏறிட்டு கீழ எறங்கறீங்களேம்மா. இதுல சுட்டா லிஸ்டுல வர மாட்டீங்க, எழுதியே தரேன்." "தெரியும் சார்" என்றார் அண்ணி. அண்ணனிடம் சொன்ன காரணம் வேறு. கைக்குப் பழகியது, கனம் குறைவு, இப்படி ஏதோ. அண்ணன் மறுத்து ஒன்றும் பேசவில்லை. அது எனக்கு வியப்பாக இருந்தது. அந்தத் துப்பாக்கி வேண்டாம் என்று வேலூரிலிருந்து வழிநெடுக பேசியவர் அவர்தான்.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கும் போயிருந்தேன். துடைத்த சாமான்களோடு ஸ்பிரிங் துப்பாக்கியையும் அண்ணியே கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சமையலறைக்குப் போகவில்லை. காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணன் உடம்பு தேறி, மெதுவாக நடந்து, குப்பியோடு வரிசையாக வந்தார். ஜக்கார்டுக்கு விட்டார், தையல் மெஷினுக்கு விட்டார், ஸ்கூட்டரின் ஸ்டாண்டுக்கு விட்டார். அண்ணி நாற்காலியில் நிமிர்ந்தார். துப்பாக்கிக்கு முன்னால் வந்ததும் அண்ணன் குப்பியின் மூடியை இறுக்கித் திருகிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு வேணாம். இது குடிச்சா பொகையும்" என்றார்.

அண்ணி அவர் பக்கம் திரும்பினார். "யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? வேலூர்ல மொத குண்டுக்கே வாசனை வந்துச்சே. என் எண்ணெ எனக்குத் தெரியாதா?"

"அப்போ, சுபேதார் சார்கிட்ட நான் சொன்னது?"

"அதுவும் காதுல வுழுந்துச்சி."

"கேட்டுகினு சும்மாவா இருந்தீங்க?"

"சும்மா எங்க இருந்தேன்? ரெண்டு வருசமா காத்து அடிச்சேனே."

அண்ணி அவரைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. தோளைத் தளர்த்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பொட்டாவது வெய்ங்க" என்றார். அண்ணன் கட்டையில் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார். குங்குமம் கொஞ்சம் சிதறியது. அண்ணி அதைத் துடைக்கவில்லை.

இப்போது இதை எழுதும்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒருவர் புண்படுவார் என்று இன்னொருவர் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி. தன் தப்புக்குக் கூலியாக மற்றவர் அடித்த காற்று. இரண்டு வருடம் விடிந்த ஒவ்வொரு காலையும் ஒருவருக்கு உடம்பு வலி, இன்னொருவருக்கு மனசு வலி. ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும் விஷயம். ஆனால் என் மேசைக்கு வரும் செய்திகளில் பாதி இப்படி ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கக்கூடியவைதான். அதனால் இதைப் பெரிய விஷயமாக நினைக்கவும் தெம்பில்லை. பி.சி.பி. துப்பாக்கியைச் சுபேதாரிடமே கொடுத்துவிட்டார்கள். செய்யாற்றுப் பக்கத்துப் பெண் ஒருவர் அதில் சுடுகிறார். நன்றாகச் சுடுகிறாராம்.

அண்ணி இப்போதும் களம்பூர் போய்வருகிறார். அண்ணன் தெருமுனை வரை வந்து நின்றுவிடுகிறார். போன மாதம் வேலூரில் தேர்வு நடந்தது. அண்ணி தனியாகப் போய், தனியாக வந்தார். ஸ்பிரிங் துப்பாக்கியோடு வந்திருந்தவர் அவர் ஒருவர்தான். பதினோரு பேரில் ஒன்பதாவதாக வந்தார்.